நான் வாங்கி வந்த ரீடு

பேஸ் கிட்டார் வாசிப்பவனைக் கச்சேரியில் யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள், கீபோர்டுக்காரரின் விரலைப் பார்ப்பார்கள், தபேலாக்காரர் தலையாட்டுவதைப் பார்ப்பார்கள். நான் முப்பது வருஷம் மதுரைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஓர் ஓரமாக நின்று நாலு தந்தியை இழுத்துக்கொண்டிருந்தேன். அதில் வருத்தம் கிடையாது. கொஞ்சம் திமிர்கூட உண்டு. மேலே கேட்கிற சுரங்கள் எல்லாம் விருந்தாளிகள், பேசிவிட்டுப் போய்விடும். கீழே நிற்கிற சுரம்தான் வீட்டுக்காரன் என்பேன். காதில் கேட்பது பாதிப் பாட்டு, மீதி வயிற்றில் கேட்க வேண்டும் என்பேன். புதிதாகச் சேரும் பையன்கள் நோட்டில் எழுதிக்கொள்ளாத குறையாகக் கேட்பார்கள்.

இவற்றில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை. எல்லாம் என் தாய்மாமா சொன்னவை. என் வாசிப்பைப் பாராட்டிய ஒரே சொந்தக்காரரும் அவர்தான். ஒருமுறை கச்சேரிக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், என் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடியே கடைசிப் பாட்டுவரை நின்றுவிட்டுப் போனார். இந்த மனிதர் அல்லவா ரசிகர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருஷம் என் காதே தகராறு செய்ய, மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். காதில் எதையோ மாட்டிப் பல சத்தங்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பெரிய சத்தத்தில் அடிபட்ட காதில் கீச்சுக்குரல்கள்தான் முதலில் போகுமாம். அடிக்குரல்கள் கடைசிவரை நிற்குமாம். "சின்னப் பிள்ளைங்க பேசுறது கேக்காது, ஆம்பளைங்க பேசுறது கேக்கும். அதனால காது நல்லா இருக்குன்னே பல பேர் நினைச்சுக்குவாங்க," என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். பஸ் திருமங்கலம் தாண்டும்போதுதான் மாமாவின் நினைவு வந்தது. அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் தாயில்பட்டி. மாமா பகலில் பட்டாசுக் கம்பெனியில் வேலை, கல்யாண சீசனில் சிவகாசி பேண்டு செட்டில் கிளாரினெட். பேண்டு செட்டில் கிளாரினெட்காரர்தான் முன்னால் நடப்பார். மாப்பிள்ளைக்கு அடுத்தபடி ஊர் பார்ப்பது அவரைத்தான். மாமாவுக்குச் சுருட்டை முடி வேறு. அவர் பக்கத்தில் நடந்து போகும்போது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் பெண்கள் முதலில் அழுவதில்லை. எந்தத் திசையில் கேட்டது என்று நின்று பார்ப்பார்கள். நம் ஆள் வேலை பார்க்கிற திசை என்று தெரிந்த பிறகுதான் ஓட்டம். அம்மா மாவு ஒட்டிய கையோடு ஓடினாள். ஓடும்போதே காளியம்மனிடம் பேசிக்கொண்டே போனாள்.

"என் தம்பிய ஒடம்புல ஒரு பொட்டுக் கொறை இல்லாமத் தந்துரு தாயி. ஒன் பொங்கலுக்கு ஒன் வாசல்ல நின்னு அவன் வாசிப்பான்."

அன்றைக்கு இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. மாமா திரும்பினார். தூக்கி எறியப்பட்டு வேலியோரம் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மன் பூப்போலத் தூக்கி வைத்துவிட்டாள் என்றார்கள். அம்மா அழுது முடித்து, சிரித்து முடித்து, மறுபடியும் அழுதாள்.

அந்த மாதத்திலேயே மாமா மாறிப்போனார். நான் பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மா எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று ஒரே பதில். வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருப்பார். செத்துப் பிழைத்தவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். ஒன்பது வயதில் மனிதர்களைப் பற்றி முடிவு கட்டுவது சுலபம்.

அதைவிடப் பெரிய இடி, அவர் பேண்டு செட்டில் கிளாரினெட்டை விட்டுவிட்டுப் பெரிய டிரம்முக்குப் போனது. பெரிய டிரம் கடைசி வரிசை. வயிற்றில் நெல்லுக் குதிர் கட்டியது போல அதை மாட்டிக்கொண்டு, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். "ஒங்க மாமாவக் கடேசிக்குத் தள்ளிட்டாகளாம்ல," என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேட்டார்கள். நான் மாமாவிடம் நேருக்கு நேர் நின்று ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த விருந்தாளி, வீட்டுக்காரன் கதை எல்லாம் வந்தது.

"மேல கத்துறதுக்கு எவனும் வருவாம்லே. கீள நின்னு தாங்குறவன் வேணும்லா. டிரம்ம அடிச்சா காத விடு, வயித்துல கேக்கும். அதாம்லே பாட்டு."

எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் மல்லாங்கிணறு. மானாவாரிக் காடு வைத்திருந்த, மரியாதையான குடும்பம். மாமா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது அந்தப் பையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வெடிவிபத்தில் தப்பிய மாப்பிள்ளை என்று பெண்ணின் அப்பாவுக்குச் சின்னத் தயக்கம் இருந்தது. பொங்கலன்று கோயிலுக்கு வந்து மாப்பிள்ளையை ஒரு நாள் முழுக்க நேரில் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்தால் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேச்சு.

அம்மாவுக்கு நேர்ச்சையும் அதே நாளில் முடியும் என்று சந்தோஷம். மாமாவோ ரீடு உடைந்துவிட்டது என்றார். கிளாரினெட் வாயில் வைக்கிற மெல்லிய நாணல் தகடுதான் ரீடு. அது இல்லாவிட்டால் கிளாரினெட் வெறும் கட்டை. மதுரையிலிருந்து வரவேண்டும், ஆர்டர் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும் என்று நாளைக் கடத்தினார். அம்மா தினமும் கேட்டாள், அவரும் தினமும் "சரிக்கா" என்றார்.

நான் என்ன செய்தேன் என்றால், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் சிவகாசிக்கு லோடு ஏற்றிப் போன கம்பெனி லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு பேண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். என் மாமா வாசிக்க வேண்டும், பெண்வீட்டார் வாய் பிளக்க வேண்டும், மாமா மறுபடியும் முன்வரிசைக்கு வரவேண்டும். என் மானம் அதில் இருந்தது.

மாஸ்டர் பனியனோடு உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ரீடு கேட்டதும் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்க மாமனா கேட்டாரு? அவரு வாயால கேட்டாரா?"

"ஆமா, மாமாதான் வாங்கிட்டு வரச் சொன்னாக," என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமே இல்லை. மாஸ்டரின் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. "அப்பச் சரியாப் போச்சா? நல்லதுலே, நல்லது," என்று உள்ளே போய், தனக்கென்று வைத்திருந்த புது ரீடு ஒன்றைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து வந்து, என் சட்டைப் பையில் அவரே வைத்து ஊக்கு குத்திவிட்டார். எது சரியாகப் போனது என்று நான் கேட்கவில்லை. மாமாவின் காது கெட்டுப்போன விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதும், கல்யாணம் முடியும்வரை வெளியே சொல்லாமல் டிரம்முக்கு மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தவர் அவர்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பொங்கலன்று காலை கோயில் முன்னால் வரிசையாகப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. கோயிலுக்கு வாசிக்க வந்திருந்த மாஸ்டரின் பேண்டு செட்டு வாத்தியங்களை ஓரமாக இறக்கி வைத்திருந்தது, மாமாவின் பெரிய டிரம்மும் அங்கேதான் இருந்தது. பெண்ணின் அப்பாவும் இரண்டு பெரியவர்களும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களுக்கு எதிரில், முகத்தைப் பார்த்தபடி, அழகாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பானை பொங்கியதும் அம்மா குலவை போட்டு முடித்து எல்லோருக்கும் கேட்கும்படி நேர்ச்சையைச் சொன்னாள்.

"என்ன செய்யக்கா, ரீடு இன்னும் வரலயே," என்றார் மாமா.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் ஊக்கைக் கழற்றி ரீடை நீட்டினேன். பொங்கல் சாமான் கூடைக்குள் கிளாரினெட்டையும் ஒளித்துக் கொண்டு வந்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பாகூடக் கெட்டிக்காரப் பையன் என்றார்.

மாமா ரீடைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தில் சிரித்த முகத்தோடு நின்றிருந்த பேண்டு மாஸ்டரைப் பார்த்தார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அங்கே நின்ற யாரிடமும் சொல்ல முடியாது. மாமா ரீடை நாக்கில் வைத்து ஈரப்படுத்தி மாட்டி, அம்மன் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தொடக்கம் நன்றாக இருந்தது. கிளாரினெட்டின் அடிக்குரல் கனமாக வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு பாட்டு மேலே ஏறியது. மாமாவின் விரல்கள் ஏறின, குரல் ஏறவில்லை. ரீடு கீச்சென்று பிசிறடித்தது. வாசிக்கிற எவனும் அந்த இடத்தில் நிறுத்தி உதட்டைச் சரிசெய்துகொள்வான். மாமா நிறுத்தவில்லை. அந்தக் கீச்சையே, அது கீச்சு என்று தெரியாமல், கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உருக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெண்களும். அம்மா "போதும்லே தம்பி, போதும்," என்று கத்தினாள். மாமா அடுத்த அடிக்குப் போனார்.

பேண்டு மாஸ்டர்தான் ஓடிப்போய்ப் பெரிய டிரம்மை ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்த அடியில் மாமா கண்ணைத் திறந்தார். சிரிக்கிற வாய்களைப் பார்த்தார். கிளாரினெட்டைக் கீழே இறக்கி, ரீடைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மாஸ்டர் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. எழுந்து வந்து மாமாவின் முதுகுக்குப் பின்னால், ஓரடி தூரத்தில் நின்று, குரலே எழும்பாமல் காற்றாக, "மாப்ள, ஒரு செம்புத் தண்ணி குடிக்கீகளா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு தடவை கேட்டார். பிறகு மரத்தடிக்குப் போய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொங்கலை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள், நல்ல மனிதர்கள்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். மாமாவுக்கு அப்புறம் எந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. அம்மா காளியம்மனுக்கு விளக்குப் போடுவதை விடவில்லை, ஆனால் நேர்ச்சை என்று எதையும் அதற்குப் பிறகு அவள் வாயில் நான் கேட்டதில்லை.

அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது மாமா எனக்கு முன்னால் பெரிய டிரம்மை முதுகில் போட்டுக்கொண்டு பருத்திக் காட்டு வழியாக நடந்தார். அவருடைய வாசிப்பு கெட்டுப்போனதற்கு நான் அவசரப்பட்டுக் கொண்டுவந்த ரீடுதான் காரணம் என்று எனக்குப் புரிந்திருந்தது. அவ்வளவுதான் புரிந்திருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, தப்புத்தான் மாமா. நீங்க கேட்டீகன்னு மாஸ்டர்கிட்டப் பொய் சொல்லிட்டேன் மாமா. இனிமே செய்ய மாட்டேன்."

மூன்று தடவை சொன்னேன். அவர் திரும்பவில்லை. நடையைக்கூடக் குறைக்கவில்லை. இந்த ஜென்மத்தில் மாமா என்னை மன்னிக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் நான் அவரைக் கூப்பிடுவதே குறைந்துபோனது. கூப்பிட்ட ஒன்றிரண்டு தடவையும் அவர் திரும்பவில்லை.

எனக்குக் குரல் உடைந்த வருஷம், தகரத்தைத் தேய்த்த மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தேன். அது தேறிக் கனத்த பிறகு ஒருநாள் கிணற்றடியில் அவர் குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து ஏதோ வேலையாக "மாமா" என்றேன். சட்டென்று திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"என்னலே? கூப்பிட்டயா?"

வீட்டுக்கு ஓடிப்போய், மாமாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டாள். அதிலிருந்து மாமாவும் நானும் பழையபடி பேச ஆரம்பித்தோம். அவர் சாகும்வரை எத்தனையோ பேசினோம், பாட்டைப் பற்றி, டிரம்மைப் பற்றி, என் நாலு தந்தியைப் பற்றி. பருத்திக் காட்டில் சொன்னதை மட்டும் இந்தக் குரலில் இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அப்போதே சொல்லியாயிற்றே என்று இருந்துவிட்டேன்.