நீலத்துக்குள் போன இலக்கம்

சுனாமி வந்துபோன சில மாதங்களில், மாங்கேணிக் கடற்கரையில் நவீனக் கலைக் கண்காட்சி என்று பத்திரிகை என்னை அனுப்பியது. கொழும்பிலிருந்து வந்த இளம் ஓவியர் ஒருவர், உடைந்த படகின் முன்பாதியை மணலில் செங்குத்தாக நட்டு, முழுவதும் நீலம் பூசியிருந்தார். பெயின்ற் இன்னும் காயவில்லை. மூன்று முறை சுற்றிவந்தும் எனக்கு எழுத ஒரு வரி வரவில்லை.

அப்போது படகுக்காரரின் மனைவி மண்ணெண்ணெய்ப் போத்தலும் பழந்துணியுமாக ஓடி வந்தார். நிமிர்த்தி வைக்கத்தான் படகைக் கேட்டார்களாம், பூசுவதாகச் சொல்லவில்லை. மத்தியானம் மீன்பிடிக் கந்தோர் அதிகாரி வருவார். படகின் பதிவு இலக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நிவாரணமாகத் தரும் புதுப் படகுக்கு இவர்கள் பெயரை எழுதுவார்.

“இது கடல்ட மறதி, அக்கா,” என்றார் ஓவியர்.

“கடல் மறக்கட்டும் மனே. கந்தோருக்கு நம்பர் வேணும்.”

அக்கா தேய்த்தார். நீலம் கோடுகோடாக வழிய, சிவப்பு இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓவியர் அழுகிற முகத்தோடு பத்தடி பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தவர் திடீரென்று கத்தினார்.

“அக்கா, போதும்! இப்பதான் வடிவா இருக்கு, இனித் தொடாதீங்க!”

“கடைசி நம்பர் இன்னும் வரல்ல. பொறுங்க.”

எனக்கும் அப்போதுதான் வரி கிடைத்தது.

அதிகாரி வந்து, இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பெயரை எழுதிக்கொண்டார். என் செய்தியில் அக்கா தேய்த்ததைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை வெட்டிவிட்டு, ஓவியரின் கைத்திறனை மட்டும் விட்டுவைத்தார்.

புதுப் படகு வந்தபோது போய்ப் பார்த்தேன். இலக்கம் நான்கு இடங்களில் எழுதியிருந்தது, உள்ளே அடிப்பலகையில்கூட.

“இன்னொரு ஓவியர் வந்தாலும் ஒண்டாவது மிஞ்சும்,” என்றார் அக்கா.