சாமந்திக்கு நைட்டி போட்ட கதை

எங்க அபார்ட்மெண்ட்டு கேட்டாண்ட, மதில் சொவத்த ஒட்டி, நீளமா ஒரு துண்டு மண்ணு கீது. அயனம்பாக்கத்துல மண்ணு பாக்கணும்னா இப்ப ஏரிக்கரைக்குத்தான் போவணும். அதனால அந்தத் துண்டப் பாத்ததும் எனக்குக் கை அரிச்சிது. நாலு கனகாம்பரம் வெச்சேன்.

அசோசியேசன் செகரட்டரிக்கும் அதே எடத்துல கை அரிச்சிது. மதுரப் பக்கம் ஆளு, கம்ப்யூட்டர் வேலை. ஆடி மாசம் மீட்டிங்குல எல்லார் முன்னாலயும் சொன்னாரு, "பாட்டிம்மா, அங்க டைல்ஸ் போட்டா ஆறு பைக் நிக்கும்."

"நிக்கும் நைனா. பூக்குமா?"

எல்லாரும் சிரிச்சிட்டாங்கோ. அவருக்கு மூஞ்சி செவந்துபோச்சி. "சரி, கார்த்திகை தீபத்தன்னிக்கு மதில் பூராவும் பூ நிக்கணும். நின்னா எடம் உங்களுக்கு. இல்லேன்னா மறுநாளே டைல்ஸ்."

"நோட்டுல எழுதிக்க"ன்னேன். நான் ரெண்டாங் கிளாஸோட நின்னவ, அவரு இன்னா எழுதுனாருன்னு எனக்கு இன்னா தெரியும். ஆனா கெத்தா தலைய ஆட்டிக்கினு பாத்தேன்.

ஊட்டுக்கு வந்ததும் மருமவ சொன்னா, "பூந்தமல்லி நர்சரில பூத்த செடியாவே வாங்கிக்கலாம் அத்தை."

"அது ஒரு மாசம் பல்லக் காட்டிட்டுப் பூடும்டி. நீ கோச்சிக்கினு ஆத்தா ஊட்டுக்குப் போயி, கூப்புடாமலே திரும்பி வர்ற பாரு, அந்த மாரி செடி வேணும் எனக்கு. வருசா வருசம் தானா வரணும்."

அவ கரண்டியக் காட்டுனா. நான் செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டேன்.

மழைக்கு அழுவிப் போவக்கூடாது, ஐப்பசி கார்த்திகையில பூக்கணும், பூத்து முடிஞ்சாலும் வேரு உசுரோட கெடக்கணும். இதான் என் கண்டிசன். சேக்காட்டுல என் கூட்டாளி ஊட்டு வேலியில டிசம்பர் பூவு ஊதாவா வரும். கொம்ப ஒடச்சி ஈர மண்ணுல சொருவுனா போதும். ஒரு கட்டு ஒடச்சி பஸ்ல மடியில வெச்சிக்கினு வந்தேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு "இன்னா கீரை ஆயா இது?"ன்னா. "இது சாப்டா வயசு கொறையும்"னேன். அந்தப் பொண்ணு இன்னும் தேடிக்கினு கீதோ இன்னாவோ.

சாமந்தி எங்கிட்ட ஏற்கனவே கீது. போன வருசம் ஆயுதபூசைக்கு ஜனங்க தொட்டியோட வாங்கி, பூ வாடுனதும் குப்பையாண்ட தூக்கிப் போட்டுச்சிங்கோ. செத்துப்போச்சின்னு நெனப்பு. அடியோட வெட்டி வுட்டா வேருலேந்து குட்டி குட்டியா கெளம்பும், அது யாருக்குத் தெரியுது? நான் பொறுக்கியாந்து மொட்ட மாடியில வெச்சி, குட்டிங்கள பிரிச்சி வளத்துக்கினு இருந்தேன். அதையெல்லாம் கொண்டாந்து மதிலோரம் நட்டேன். நுனியக் கிள்ளக் கிள்ள பக்கத்துல கெள வுட்டு, பந்து மாரி ஆயிடுச்சி.

நடுவுல ஒரு ரோதன. வெடியக்காலையில எவனோ என் கனகாம்பரத்த பறிச்சிக்கினு பூடறான். சாமிக்குப் பூ பறிக்கறேன்னு ஊரான் ஊட்டு செடியில கைய வெக்கற கூட்டம் இந்த ஏரியாவுல ஜாஸ்தி. நான் செகரட்டரிகிட்ட சண்ட போட்டு, கத்தி, கூட்டம் கூட்டி, கேட்டு மேல பெரிய லைட்டு போட வெச்சேன். ராத்திரி பூரா பகல் மாரி எரியும். திருட்டு நின்னுதா? லைட்டு வெளிச்சத்துல அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிது, ஒண்ணு வுடாம பறிச்சான்.

புரட்டாசி வந்துடுச்சி. டிசம்பர் பூ செடி தழதழன்னு நிக்குது. சாமந்தியும் பச்சப்பசேல்னு நிக்குது, ஆனா ஒரு மொட்டு இல்ல. மீன் கழுவுன தண்ணி ஊத்துனேன். கண்ணேறுக்கு எலுமிச்சம்பழம் கட்டுனேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. செகரட்டரி தெனம் பைக்க நிறுத்திட்டு, "கீரை நல்லா வந்திருக்கு பாட்டிம்மா"ன்னுட்டுப் போவாரு. எனக்கு சோறு எறங்கல.

ஒரு சாயங்காலம் லைட்டு எரிய ஆரம்பிச்ச நேரம், செடியாண்ட குந்திக்கினு அதையே பாத்துக்கினு இருந்தேன். கேட்டுத் தூணு பக்கத்துல ஒரு சாமந்தி. அதுல பாதி வெளிச்சத்துல கீது, பாதி தூணு நெழல்ல கீது. நெழல் பக்கம் மட்டும் பச்சரிசி மாரி குட்டி குட்டியா மொட்டு! வெளிச்சத்துப் பக்கம் மொட்டை!

எனக்குப் புல்லரிச்சிபோச்சி. இதுங்களுக்குத் தூக்கம் வேணும்டா! ராத்திரி நீண்டாத்தான் குளுரு காலம் வந்துச்சின்னு தெரிஞ்சி பூக்கும் போலகீது. இதுங்கள ராப்பகலா முழிக்க வெச்சது யாரு? நான்தான். சண்ட போட்டு, கூட்டம் கூட்டி!

லைட்ட அணைன்னு போயி அவருகிட்ட எப்பிடிக் கேக்கறது? அதுக்கு டைல்ஸ் மேல படுத்துக்கலாம். ஊட்டுக்கு ஓடுனேன். என் கருப்பு உள்பாவாட, பழைய போர்வ, மருமவ நைட்டி ரெண்டு, எல்லாத்தையும் வாரிக்கினு வந்து, குச்சி நட்டு, ஒவ்வொரு சாமந்திக்கும் மாட்டி வுட்டேன். நைட்டி மெலிசு, வெளிச்சம் பூரும், அத மட்டும் ரெண்டு மடிப்பா. சாயங்காலம் மாட்டறது, காலைல அவுக்கறது. தெனம்.

"அத்தை, என் பூப்போட்ட நைட்டி எங்க?"

"தோ, கேட்டாண்ட நிக்குது பாரு. உன்ன வுட அதுக்கு சோக்கா கீது."

பார்சல் கொண்டாந்த ஆளு ஒருத்தரு அந்த நைட்டிகிட்டப் போயி "மூணாவது மாடிக்கு எந்தப் பக்கம்கா போணும்?"னு கேட்டதை நான் பால்கனிலேந்து பாத்தேன். சிரிச்சி சிரிச்சி எனக்குப் பொறை ஏறிடுச்சி.

ஐப்பசி மழை அடிச்சி ஊத்துச்சி. நனஞ்ச துணி கனம் தாங்காம ரெண்டு செடி சாஞ்சிது, பாவாட நாடாவால கட்டி நிமித்துனேன். ஆனா மொட்டு! இன்னிக்குப் பத்து, நாளைக்கு நூறு. கார்த்திகை பொறந்ததும் டிசம்பர் பூ மொத முந்திக்கிச்சி, ஊதா. பின்னாலயே மஞ்ச சாமந்தி, வெள்ள சாமந்தி. நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடுன ஓட்டத்துல முட்டி வலி எங்க போச்சின்னே தெரியல.

தீபத்துக்கு மொத நாளு டைல்ஸ் வந்து எறங்கிடுச்சி. வேணும்னே மதில் பக்கமே அடுக்கி வெச்சாரு. துணி மூடிக் கீற நேரத்துல மட்டும் வந்து பாத்தாரோ, இல்ல பாத்தும் பாக்காத மாரி இருந்தாரோ.

தீபத்தன்னிக்கு நைட்டி அவுக்க வெள்ளனவே எறங்கிப் போனேன். அங்க ஒரு ஆளு, முதுகக் காட்டிக்கினு, என் பாவாடய தூக்கிப் புடிச்சிக்கினு, மறு கையில பிளாஸ்டிக் கவரு, சாமந்திய பறிச்சிக்கினு கீறாரு.

"யார் பாவாடய தூக்கற நைனா?"

திரும்புனாரு. நம்ம செகரட்டரி! நெத்தியில திருநீறு, கவருல கழுத்து வரைக்கும் மஞ்சப்பூ.

"பாட்டிம்மா... அது... பூசைக்கு..."

"கனகாம்பரமும் பூசைக்குத்தானா?"

கவர முதுகுக்குப் பின்னால ஒளிக்கப் பாத்தாரு.

"அது கெடக்கட்டும் வுடு. நீயே சொல்லு, பூ பூத்துச்சா, இல்லியா?"

"பூத்திருக்கு."

"சத்தமா சொல்லு, மூணாவது மாடிக்குக் கேக்கணும்."

"பூத்திருக்கு பாட்டிம்மா!"

டைல்ஸ் இப்ப மோட்டர் ரூமு பக்கத்துல கீது. அதும் மேல ரெண்டு தொட்டி வெச்சிட்டேன். பறிக்கும்போது இப்ப கேட்டுட்டுத்தான் பறிக்கறாரு, நானும் குடுக்கறேன், சாமி மேல எனக்கு இன்னா கோவம்.

அன்னிக்கே நான் இன்னொண்ணும் கேட்டுட்டேன். "நைனா, அந்த லைட்ட இனிமே அணச்சிடு."

"ஏன் பாட்டிம்மா? நீங்கதானே திருடன் வர்றான்னு போடச் சொன்னீங்க?"

"அதான் ஆளு கெடச்சிட்டாரே!"