கண்டியில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது?

பிளேன்டீக் கோப்பையோடு நின்றபடியேதான் சந்திரிகா அந்தக் கணினித் திரையைப் படிப்பார். சிவப்பு எழுத்து தெரிந்தால் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிடுவார். "இன்னிக்கும் ஒடைஞ்சுதான் கெடக்கு சேர்" என்பார் என்னிடம்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே மாடியில் ஒரு தனியார் வகுப்பு. நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன், அவர் கணினி. முப்பத்தொரு வயது. தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். கணினிகளிடம் மரியாதை அதிகம். "செத்த இருங்க, அவரு யோசிக்கிறாரு" என்று மாணவர்களை அடக்குவார்.

அவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு தமிழ் நாட்காட்டி மென்பொருள் எழுதுகிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அறுவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவருடைய திருத்தம் இன்னொருவருடையதைக் கெடுத்துவிடுவதுதான் தொல்லை. அதற்காக, வகுப்பில் கழித்துவிட்ட கணினி ஒன்றை 2005 கடைசியில் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து வேலைக்குப் பழக்கினார். மணிக்கொரு தடவை அது எல்லாருடைய எழுத்தையும் இணையத்திலிருந்து எடுத்து ஒன்றுசேர்த்து, நூற்று நாற்பது சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எதுவும் தவறினால் திரையில் சிவப்பு எழுத்து வரும், கெடுத்தவருக்குப் பெயர் சொல்லி மின்னஞ்சல் போகும்.

முதல் நாளே தவறியது. தை மாதத் தேதி ஒன்றைக் கொடுத்தால் கண்டியில் சூரிய உதயம் 6.55 என்றது கணினி. அந்த ஐவரில் விவேகானந்தன் என்பவர் எழுதிய சோதனையோ 6.25 என்று அடித்துச் சொன்னது. எந்தத் தேதியை எடுத்தாலும் வித்தியாசம் சரியாக அரை மணித்தியாலம்.

"கண்டியில இருக்கிறது நான். இங்க சூரியன் எப்ப வருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சந்திரிகா எழுதினார்.

"ஓம் அக்கா. ஆனா இங்க ஓட்டினால் எல்லாம் சரியாத்தான் வருது. உங்கட மெசினை ஒருக்கால் பாருங்கோ" என்று பதில் வந்தது.

பார்த்தார். கணினியை இரண்டு தடவை துடைத்து எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினார். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் கணித்தார். "ரெண்டு பேரும் சரின்னா சூரியன்தானே பிழை, சேர்?" என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் மாதம், சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குக் கொண்டுவந்தது. சந்திரிகா கணினியின் நேரத்தையும் மாற்றினார். விவேகானந்தனின் சோதனைகள் எல்லாம் பச்சையாகின. சந்திரிகா எழுதிய நாற்பத்தொன்றும் சிவப்பாகின.

அன்று சுவர்க் கடிகாரத்தைத் திருத்த வந்தவர் கீழ்க்கடை பளீல். சமாதான நாட்களில் வடக்கே துணி வியாபாரத்துக்குப் போய்வந்தவர். "இது புது நேரமில்ல டீச்சர். கிளிநொச்சிப் பக்கம் எப்பவும் இதுதான். பத்து வருசத்துக்கு முந்தி கொழும்புல நேரத்த மாத்தினாங்க, அங்க புலிகள் மாத்தல்ல. அங்க எறங்கினா நான் மணிக்கூட்டத் திருப்பி வெச்சுக்குவேன்."

சந்திரிகா விவேகானந்தனின் சோதனைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்: எல்லாமே கிளிநொச்சி நேரம். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் விவேகானந்தனைக் கேட்டதில்லை, விவேகானந்தனும் சொன்னதில்லை. பேராதனை வீதியில் சோதனைச் சாவடி திரும்பவும் வந்துவிட்டிருந்த நாட்கள் அவை.

சுவரில் எந்த நேரம் இருந்தாலும் குழம்பாதபடி, ஒவ்வொரு சோதனையிலும் கிரீன்விச் நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தை அவர் எழுதினார். திருத்தத்தின் காரணத்தை எல்லாரும் பார்க்கும் பதிவில் போட வேண்டும். "நேரக் குழப்பம்" என்று மட்டும் போட்டார். "யாரு எங்க இருக்காங்கன்னு அதுல எதுக்கு சேர்?"

ஆகஸ்டில் சண்டை மூண்டு வடக்கே போகும் பாதை மூடப்பட்டது. அதற்கு முந்திய வாரம் விவேகானந்தன் சந்திரோதயக் கணக்கைப் பாதி அனுப்பியிருந்தார். ஏழு சோதனைகள் தவறின. பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மிச்சத்தைத் தானே எழுதிப் பார்த்த சந்திரிகாவுக்கு அந்தக் கணக்கின் போக்கே பிடிபடவில்லை.

அறுவரில் இன்னொருவரான இராஜரத்தினம் கனடாவிலிருந்து எழுதினார்: "இரண்டு கிழமையாச்சு. அந்தப் பகுதியை எடுத்துவிடுவம்."

"அவரு முடிப்பாரு. விடுங்க" என்று சந்திரிகா பதில் போட்டார். என்னிடம், "சரியா தப்பான்னு எனக்கே தெரியல சேர்" என்றார்.

இதற்கிடையில் கணினி தன் வழக்கப்படி விவேகானந்தனுக்கு மணிக்கொரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தது. "கண்டியிலிருந்து அங்க மணிக்கு ஒண்ணு போகுது. பாக்கிறவங்க என்னன்னு நெனைப்பாங்க? ஆபத்து எனக்கா, அவருக்கான்னும் வெளங்கல" என்றார் சந்திரிகா.

போன திங்கட்கிழமை அவர் கணினியிலிருந்து விவேகானந்தனின் மின்னஞ்சல் முகவரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதைப் போட்டார். பெயரை மாற்றவில்லை.

நேற்றுப் பத்து மணிக்கும் அது அவருக்கு வந்தது: "விவேகானந்தன், உங்கள் திருத்தத்தில் ஏழு சோதனைகள் தவறியுள்ளன." சந்திரிகா வகுப்பைப் பாதியில் நிறுத்தினார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார்.