தர்மிளா இரண்டையும் கேட்டாள்

தர்மிளாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றைக்கூட நின்றபடியே சாப்பிடுவாள். தம்பி விஜிதரனைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் இப்படி என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். தம்பி போனபின் அது கூடிவிட்டது.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிக்கு வந்த குடும்பம் அவர்களுடையது. மாங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறினார்கள். தகப்பனைப் போரின் கடைசிச் சண்டையில் இழந்தார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அம்மா வீரம்மாவும் தம்பியும் அவளும்தான் மிச்சம். கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்று திறந்ததும் தர்மிளா வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ட்டுகளுக்குக் கொலர் வைத்துத் தைப்பது அவளுடைய வேலை. அந்தச் சேர்ட்டுகள் ஐரோப்பாவுக்குப் போயின. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குக் கொடுத்த வரிச்சலுகையால்தான் தையல் ஓடர் வருகிறது என்பது அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும்.

விஜிதரன் ஓட்டோ ஓட்டியவன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டான் என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவனைக் கைது செய்தார்கள். மாதக்கணக்காகக் கொழும்பில் வைத்திருந்தார்கள். குற்றப்பத்திரிகை வரவில்லை. தர்மிளா லீவு கேட்டுக் கேட்டுப் போய் வந்தாள்.

அந்த வருஷம்தான் ஒன்றியத்தின் தூதுக்குழு தொழிற்சாலையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தொழிலாளர் பிரிவு அதிகாரி சுமன் அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, அவையோட கதைக்க உங்களைத்தான் மனேஜர் சொன்னவர். தமிழிலேயே கதைக்கலாம், மொழிபெயர்க்க ஆள் வரும்.”

“என்ன கதைக்கிறது?”

“சலுகை நிண்டால் ஓடரெல்லாம் வேற நாட்டுக்குப் போயிடும் எண்டு சொல்லுங்கோ. இவ்வளவு பெட்டையளும் வீட்டில இருக்கவேணும். வேற ஒண்டையும் இழுக்காதேங்கோ, அக்கா.”

‘வேற ஒண்டு’ எது என்று இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கே ராஜரத்தினம் ஐயா வீடு தேடி வந்தார். அவருடைய மகனும் விஜிதரனோடு உள்ளே இருந்தான். அவர் கதிரையில் உட்காரவேயில்லை.

“பிள்ளை, சலுகையை நிப்பாட்டச் சொல்லு. காசு நிண்டால்தான் இந்த அரசாங்கத்துக்கு உறைக்கும். அந்தச் சட்டத்தை நீக்கிறம் எண்டு ஐரோப்பாக்காரருக்கு வாக்குக் குடுத்துத்தானே சலுகையை வாங்கினவங்கள்?”

“நிப்பாட்டினால் எங்கட காமென்ட் பக்டரியும் பூட்டுமே, ஐயா.”

“என்ட பிள்ளை உள்ளுக்கு இருக்கிறான். எனக்குக் காமென்ட்டோ பெரிசு?”

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்றிரவு தொலைக்காட்சியில் ஒரு அமைச்சர், நாட்டின் இறைமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம், எங்கள் சட்டத்தை வெளியார் எழுத முடியாது என்று பேசிக்கொண்டிருந்தார்.

“இறைமைன்னா என்னடி?” என்றாள் வீரம்மா.

“எங்கட நாட்டுக்குள்ள நாங்கள் நினைச்சதைச் செய்வம், வெளியாள் கேக்கக்கூடாது எண்டது.”

“நாங்கன்னா யாரு? அதுல விஜி இருக்கானா?”

தர்மிளா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டாள்.

தூதுக்குழு வந்தது. நரைத்த தலைமுடியோடு ஒரு பெண், ஒரு இளைஞன், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி. வேலை நேரம், சம்பளம், சங்கம் பற்றிக் கேட்டார்கள். மற்றத் தொழிலாளர்கள் சொல்லி முடித்தார்கள். தர்மிளாவின் முறை வந்தபோது கதவோரம் சுமன் நின்றான்.

“சலுகையை வெட்டாதேங்கோ, மேடம். வெட்டினால் நாங்கள் பட்டினி. ஆனால் வாக்குக் குடுத்த சட்டத்தை நீக்கேல்லை எண்டதையும் விட்டிடாதேங்கோ. என்ட தம்பியை வழக்கே இல்லாமல் வைச்சிருக்கினம்.”

நரைத்த பெண் கனிவாகத்தான் பேசினாள். உங்கள் நாட்டுச் சட்டத்தை நாங்கள் எழுத முடியாது, உங்கள் அரசு ஒப்புக்கொண்டதைச் செய்கிறதா என்று பார்த்து எழுதலாம், முடிவெடுப்பது பல நாடுகள் சேர்ந்து என்றாள். இளைஞன் அவள் பக்கம் சாய்ந்து எதையோ முணுமுணுத்தான். மொழிபெயர்ப்புப் பெண் வேகத்தில் அதையும் தமிழாக்கிவிட்டாள்: “இந்தக் கடற்பாதையில் இந்த நாட்டை வேறு வல்லரசு எதனிடமும் விட்டுவிட எங்களுக்கு இயலாது, ஆகவே கடுமையாக நடப்பது கஷ்டம் என்கிறார்.”

நரைத்த பெண்ணின் முகம் சிவந்தது. மொழிபெயர்ப்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப உங்களுக்கும் உங்கட கணக்கு இருக்கு,” என்றாள் தர்மிளா.

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வேலையை விட்டு அவளை நிறுத்தவில்லை. கொலர் பகுதியிலிருந்து பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். சுமன் கொஞ்சக் காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிவில் உடையில் இருவர் வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரரிடம் என்ன சொன்னாய் என்று விசாரித்துப் போனார்கள். சொன்னதைச் சொன்னாள். சலுகை தொடர்ந்தது. சட்டமும் இருந்தது.

பிறகு ஒரு நாள் விஜிதரனுக்குப் பிணை கிடைத்தது. என்ன காரணம் என்று வழக்கறிஞருக்கே தெரியவில்லை. ராஜரத்தினம் ஐயாவின் மகன் வரவில்லை. அவர் தர்மிளாவைச் சந்தியில் கண்டால் சைக்கிளை மறுபக்கம் திருப்பிவிடுவார்.

வந்த கையோடு விஜிதரன் கேட்டான். “நான் உள்ளுக்கு இருக்க, நீ சலுகையைக் காப்பாத்தச் சொன்னியாமே?”

“ஓம். உன்னைப் பற்றியும் சொன்னனான்.”

“ரெண்டையும் சொன்னா ஒண்டும் சொல்லாத மாதிரித்தான்.”

“கொழும்புக்கு நான் எந்தக் காசில வந்தனான்? உனக்கு லோயர் ஆர் பிடிச்சது?”

வீரம்மா குசினி அடுப்போரம் நின்று அழுதாள். மூன்று நாள் அவள் விடியவே எழுந்து பேருந்தில் வேலைக்குப் போனாள். நான்காம் நாள் அவளைப் பேருந்தில் போகவிடாமல், அவனே ஓட்டோவில் தொழிற்சாலைவரை கொண்டுபோய் விட்டான். வழியில் இருவருமே அந்தக் கதையை எடுக்கவில்லை.

இந்த வருஷம் தூதுக்குழு மறுபடி வருகிறதாம். சட்டத்துக்குப் புதுப் பெயரில் ஒரு வரைவு வந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள். சுமன் தயங்கித் தயங்கி வந்து, “இந்த முறையும் கதைப்பீங்களோ, அக்கா?” என்றான்.

“கூப்பிட்டால் கதைப்பன்,” என்றாள்.

என்ன பேசுவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பொதி கட்டும் மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டேயிருக்கிறாள். வேலையைப் பார்க்கச் சொல்லி மேற்பார்வையாளர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.