சிவப்பு மையில் இருந்த மருந்துப் பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், பர்மா ரோட்டை ஒட்டிய ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் கிராணியாக, எழுத்து வேலை பார்த்தேன். நோயாளிகளின் அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். எட்டு மாதம் பிடித்தது. முடிந்ததும் அட்டைகளைப் பழைய காகிதமாக லோரியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். தூசித் தும்மல் நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை மூன்று கம்ப்யூட்டரும் எழும்பவில்லை. ஜுருவில் கடை வைத்திருந்த டெக்னீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வைரஸ்லா தங்கச்சி. எவனோ எழுதி விட்டிருக்கான். இந்தத் தேதி வந்ததும் உள்ள இருக்கிறத எல்லாம் தின்னுடும். காலையில இருந்து எனக்கு இதே போன்தான்."

"எவன் அண்ணே? நாங்க அவனுக்கு என்ன செஞ்சோம்?"

"ஒங்கள அவனுக்குத் தெரியவே தெரியாது."

வாரந்தோறும் நான் நகல் எடுத்து வைத்த பிளாப்பிகளை அவர் கொண்டு வந்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். பெயரும் முகவரியும் மட்டும் இருந்தன. மருந்துக் குறிப்புகள் வேறு கோப்பில் இருந்தவை. அதையும் எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாலிக் புலாவிலிருந்து ஒருவர் தன் மனைவியைக் கொண்டு வந்தார். இருவரும் அங்கே ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ள அந்த அக்காவின் கால் விரல்கள் கறுத்து, பாதம் வீங்கியிருந்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த மருந்து இவவுக்கு ஒத்துக்கொள்ளாது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்கதான் குடுத்தீங்க, மூச்சு அடைச்சிப் போச்சு. பேரு எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு சொன்னாங்களே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், மென்மையாகத்தான் கேட்டார். "பிள்ளை, நீர்தானே தட்டினீர். பென்சிலினோ, சல்ஃபாவோ? யோசிச்சுப் பாரும்."

அந்த அட்டை எனக்கு ஞாபகம் இருந்தது. வலது மூலையில், சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. கோடுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. ஆயிரக்கணக்கான அட்டைகளை ஏற்றியவள் நான், ஒன்றையும் படித்ததில்லை.

"தெரியல டாக்டர்."

கணவர் மனைவியின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். "ஏய், அந்த மருந்து என்னா? சொல்லு." அக்கா ஜாதிக்காய் பொறுக்குவதைப் பற்றி ஏதோ பிதற்றினார்.

டாக்டர் இரண்டு மருந்தையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றை ஏற்றினார். வேறு என்ன செய்ய முடியும்? இரண்டு நாள் பார்த்தார்கள். புண் அடங்கவில்லை, பிதற்றலும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று விரல்களை எடுத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். அக்கா தெளிவாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சல்ஃபா," என்றார் உடனே. "எனக்கு நல்லா தெரியுமே. ஏம்மா?"

பென்சிலின் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வைரஸ் பற்றி அக்காவிடம் சொல்ல முயன்றேன். யாரோ ஒருவன், எந்த ஊர் என்று தெரியாது, கம்ப்யூட்டருக்குள் எழுதி விட்டான் என்றேன். அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"யார் மேல சொல்றது, அக்கா?"

அவர் மடியிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.