மேலேயிருந்து பார்த்தவர்

படிப்பை இடையில் விட்டு, என் சொல்லையும் கேளாமல் புறப்பட்ட மகளின் பெட்டிச் சில்லுகள், டேனிஷ் நகரான ஓகூஸில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே கல் பாவிய தெருவில் உருண்டு கடகடத்தன. எனக்கு, நான் வளர்ந்த பிராண்டே ஊர் வீடு நினைவில் வந்தது.

அப்பா காற்றாலைத் தொழிற்சாலையிலிருந்து பிசின் மணத்தோடு வந்து, பழைய ஆங்கிலக் காவியமொன்றை உரத்து வாசிப்பார். மேலே சொர்க்கம், கீழே நரகம், நடுவில் தொங்கும் உலகம். வெங்காயம் வெட்டும் அம்மாவுக்கு எப்போதும் ஒரே கேள்விதான்.

“பாம்பு தோட்டத்துக்குள்ள போறதை மேலயிருந்து பாத்தவர், ஏன் இறங்கி வரேல்லை?”

“வந்து தடுத்தா மனுசருக்குச் சுயவிருப்பம் எங்கை இருக்கு?”

“நல்ல கடவுள்!”

அக்கா டேனிஷ் பெடியன் ஒருவனோடு வாழப்போவதாகச் சொல்லிப் பெட்டியோடு இறங்கிய அன்று, அப்பா மாடி ஜன்னலில் அசையாமல் நின்றார்.

“இப்பவும் பாத்துக்கொண்டுதான் நிக்கப்போறியளோ?” என்று அம்மா கத்தினா.

அப்பா குசினிக்குள் போய் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தார். வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினார். அவளைத் தடுக்கவில்லை. போத்தலைக் கையில் திணித்துவிட்டு, பஸ் தரிப்பு வரை பெட்டியைச் சுமந்துபோனார்.

அம்மா பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதேயில்லை.

சில்லுச் சத்தம் தெருமுனையை நெருங்கியது. நான் தூள் போத்தலை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினேன்.