அண்ணிக்கு மட்டும் தெரியாத சேதி

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தொடரும்'. சாப்பாட்டு இடைவேளையில் காலர் தைக்கும் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லுவாள். கொலைகாரன் கதவைத் தட்டும்போது சரியாக மணி அடிக்கும். மணி அடிப்பவனோடு ரகசிய ஏற்பாடு வைத்திருக்கிறாள் என்று கேலி செய்வார்கள்.

பக்கத்து மிஷினில் தைத்தவள் அவளுடைய நாத்தனார். வீட்டிலும் ஒரே கூரைதான். "மீதியை எனக்கு மட்டுமாவது சொல்லுங்க அண்ணி" என்று கெஞ்சினாலும் மசியமாட்டாள். "கேக்கறவங்களுக்கு எல்லாம் தெரியணும், கதையில இருக்கறவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பத்தான் வயித்தைப் பிசையும்" என்பாள்.

அன்று காலை சூப்பர்வைசர் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டார். பெயின்டரான அவளுடைய அண்ணன், கட்டடத்துச் சாரம் சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டான்.

"வண்டி சொல்லியிருக்கேன்மா. வர்ற வரைக்கும் உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதீங்க. மிஷினுக்கு நடுவுல மயங்கி விழுந்துட்டா என்ன செய்யறது?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"தூசி அண்ணி."

ஊசிக்கு அடியில் துணி கோணிக்கொண்டே போனது. சேதி காதும் காதும் வைத்தாற்போல வரிசை முழுக்கப் பரவிவிட்டது. வண்டிதான் வந்தபாடில்லை. சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது.

அண்ணி வழக்கம்போல டப்பாவைத் திறந்து, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். கப்பல் மூழ்கிவிட்டது. அது தெரியாமல் ஒரு பெண் தலைவாரிக்கொண்டு துறைமுகத்தில் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள். கேட்டவர்களில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னடி, யாரும் 'அப்புறம்'னு கேக்க மாட்டேங்கறீங்க?"

அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து நாத்தனாரிடம் நின்றாள். டப்பாவை மூடினாள்.

"உங்க அண்ணனுக்கா?"

நாத்தனார் தலையசைத்தாள்.

"இருக்காரா?"

அதற்கு அவளால் தலையசைக்கக்கூட முடியவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு நாத்தனார், "அப்பவே சொல்லியிருக்கணும் அண்ணி. என் வாயைக் கட்டிப் போட்டுட்டாங்க" என்று அழுதாள்.

அண்ணி அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "விடு. சாப்பாட்டு நேரம் வரைக்கும் எனக்கு மட்டும் அவர் உயிரோட இருந்தாரு. சாயங்காலம் என்ன வாங்கிட்டுப் போகலாம்னு யோசிச்சுக்கிட்டே தைச்சேன். நீ சொல்லியிருந்தா அதுவும் போயிருக்கும்."

வேலைக்குத் திரும்பியும் பல நாள் அவள் கதை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு மதியம் தானாகவே ஆரம்பித்தாள்.

"முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதையில வர்றவன் கடைசியில செத்துடுவான். தெரிஞ்சே கேளுங்க."

தெரிந்தேதான் கேட்டார்கள். அவன் பெண்டாட்டியைச் சீண்டிச் சிரிக்கிற இடத்திலேயே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் டப்பா கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.